வலது கை, இரண்டு கோணம்

கையை விரிச்சு வையுங்கோ.
அசைக்காதேங்கோ.
பெரியாஸ்பத்திரியில், ஏழாம் அறையில்
நாளுக்கு அறுபது தரம் சொல்கிறேன்.
துண்டில் பெயர்: செ. யூஜினா. வயது முப்பத்தொன்று.
தொழில் என்ற இடத்தில்
யாரோ 'வீட்டுப்பணி' என்று எழுதியிருக்கிறார்கள்.

திரையில் எலும்புகள் வெளிக்கின்றன.
சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு பழைய வளைவு,
முறிந்து ஒட்டின கிளையில் கணு விழுமே, அது மாதிரி.
அதன் திகதி எனக்குத் தெரியும்.

மாவட்ட இறுதி, ஐம்பத்தொரு கிலோ.
பள்ளிக்கூட ஹோலில் வாங்குகளை ஓரம் தள்ளி
வள்ளக் கயிற்றால் கட்டின வளையம்.
அவள் சிவப்பு மூலை. நீலம் நான்.
இரண்டாம் றவுண்டில் குனிந்தேன், முழங்கை மேலே வந்தது.
வேணுமென்றா என்று
இன்றைக்கும் சொல்லத் தெரியாது.
அவளுடைய வலது அதில் வந்து இறங்கியது.
சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்டது.
மூன்றாம் றவுண்டு முழுக்க இடக்கையால் அடித்தாள்.
நடுவர்கள் ஐந்து பேரும் அவளுக்கே போட்டார்கள்.
"மூக்குத் தப்பினது காணும்" என்றா அம்மா.
நான் உயிரியல் படிக்கப் போனேன்.

பிறகு அவளைப் பேப்பரில்தான் கண்டேன்.
பாசையூரில் மீன் நிறுக்கிற தராசில்
விடிய நாலு மணிக்கு ஏறி நிற்பாளாம்.
"பாரை கிலோ என்ன விலை?" என்று ஏலக்காரன் கத்துவானாம்.
கொழும்பு பஸ்ஸில் வவுனியா தாண்டும் வரை
ஷொப்பிங் பையொன்றில் துப்பிக்கொண்டே போவாளாம்,
கடைசி இருநூறு கிராமுக்காக.
தேசியத்தில் வெள்ளி. மற்ற வருசமும் வெள்ளி.
காத்மண்டுவில் தோல்வி:
மூலையில் நின்ற பயிற்றுநர் சிங்களத்தில் கத்தினது
கையை உயர்த்தென்றா, இறக்கென்றா
என்று யோசிக்கையில் தாடையில் விழுந்தது.
உயர்த்து, இறக்கு, மூச்சு விடு:
மூன்று சொல் பாடமாக்கிக்கொண்டு
அடுத்த வருசம் போனாள். தங்கம்.

பிறகு பாங்கொக்.
தலைக்கவசம் கழன்றது.
கிளவுஸ் இரண்டு அவுன்ஸ் மெலிந்தது.
கிலோ இறாத்தலாயிற்று, நூற்றுப் பன்னிரண்டு.
எங்களுக்கு இறாத்தலென்றால் பாண்;
நூற்றுப் பன்னிரண்டு பாணுக்கு மேல் ஒரு துண்டு கூடினாலும்
காசில் வெட்டு.
முதற் சண்டைக்கு அவளைக் கூப்பிட்டதே தோற்கத்தான்.
அதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லைப் போல.
நாலாம் றவுண்டில் உள்ளூர்க்காரி முழங்காலில்.

எட்டாவது சண்டையில் ஆசியப் பட்டம், பத்து றவுண்டு.
கட்டுநாயக்காவில் பட்டியைப் பிரித்துத் தங்கமோ என்றார்களாம்.
பித்தளை. வரியில்லை.
குருநகரில் வெடி கொளுத்தினார்கள்,
இரண்டு நாள் கழித்து
தமையனின் வள்ளக் கடனுக்கு ஆள் வந்தது.
பட்டம் ஒருக்கால் போனது, மணிலாவில், ஒரு புள்ளியால்.
திரும்ப எடுத்தாள். அதோடு இன்னொன்றையும்.
அந்தப் படத்தைத்தான் வெட்டி வைத்திருக்கிறேன்,
ஏனென்று கேட்க வேண்டாம்.

இப்ப, நடுவிரலின் அடியில்
தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு.
சண்டைக்குப் பத்தொன்பது நாள்.

"வெடிப்போ?"
"படம் எடுக்கிறதுதான் என்ரை வேலை. டொக்டர் வாசிப்பார்."
என் முகத்தை அவள் பார்க்கவில்லை.
முழங்கையைப் பார்த்தாள்.
"நீலம்" என்றாள்.
"இந்தப் பழசு உம்மடையெல்லே.
மழைக்கு முதல் நாள் உளையும்.
குடையை எடுத்துக்கொண்டு போவன்."
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
மன்னிப்புக் கேட்டால் சிரித்திருப்பாள்.

இரண்டாவது கோணத்துக்கு
அவள் கையைப் பிடித்துச் சரித்து வைத்தேன்.
கிளவுஸ் இல்லாமல் தொடுவது இதுதான் முதல்தரம்.
கரடான, சின்னக் கை.

கைப் படத்துக்கு மூச்சை அடக்கத் தேவையில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் நின்று
பொத்தானை அழுத்தும் வரை
அடக்கிக்கொண்டிருந்தது நான்.